இன்னா நைனா, வயித்து வலியா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேந்த டிரையத்லான் போட்டிக்குன்னு ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்குனேன், அதுல இருந்து நான் நேரா நிமிந்து நின்னு நாலு மாசம் ஆச்சு. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் கடைசி நாள்ல கிரெக் லெமாண்ட் 50 செகண்ட் பின்னாடி இருந்தும் ஏரோபார்ல, அதான் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற கைப்பிடில, முழங்கைய ஊனி குனிஞ்சு ஓட்டி 8 செகண்ட்ல ஜெயிச்சாருல்ல, அந்த வீடியோவ பாத்ததுதான் வினை. காத்த தடுக்கறது சைக்கிள விட நம்ம உடம்புதான் அதிகம், சரின்னு இன்னும் கீழ குனியறதுக்கு, ஏரோபாருக்கு அடியில உசரத்துக்கு வெச்சிருந்த ஸ்பேசர் துண்டு எல்லாத்தயும் உருவிட்டேன்.

போட்டோல அம்பு மாதிரி இருந்தேன். ரோட்ல ஒவ்வொரு மிதிக்கும் தொடை வந்து தொப்பைய இடிக்குது, கழுத்து புடிச்சுக்குது, சீட்டு மூக்கு எங்க அழுத்துச்சுன்னு எழுத முடியாது, பத்தே நிமிஷத்துல மரத்துப் போச்சு. போட்டில 90 கிலோமீட்டர் இப்படியே போவணுமாம்!

செவ்வாக்கெழம காலைல சத்துவாச்சாரில கெளம்பி பள்ளிகொண்டா பக்கம் போறேன், பொய்கைல மாட்டுச்சந்தைன்றது சுத்தமா மறந்துபோச்சு. கொம்புக்கு நீலப் பெயிண்ட் அடிச்ச காளை ஒண்ணு சாவகாசமா குறுக்க வருது, கை இருக்குற எடத்துல கியர் மட்டும்தான், பிரேக்கு அந்தாண்ட கீழ் பார்ல, கைய எடுத்து அங்க கொண்டு போறதுக்குள்ள அதோட மூச்சு என் மூஞ்சில பட்டுச்சு. எறங்கி குனிஞ்ச வாக்குலயே டீக்கடைக்கு நடந்தேன். அங்க ஒரு பெரியவர், "இன்னா நைனா, வயித்து வலியா? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லவா?"ன்னாரு. வேலூர்ல எவன் குனிஞ்சு நடந்தாலும் பேஷண்ட்தான்.

வீட்ல எங்கப்பா, நாப்பது வருஷ டெய்லர், சைக்கிள செவுத்துல சாய்ச்சு என்ன ஏத்தி உக்கார வெச்சு சுத்தி சுத்தி பாத்தாரு. "தோள் காதுக்கு ஏறுது பாரு, சட்டையா இருந்தா அக்குள்ல புடிக்குதுன்னு சொல்லுவேன்." இஞ்ச் டேப்பு, துணில கோடு போடற சாக்பீஸு ரெண்டும் வந்துச்சு. முழங்கை பேடு 2 சென்டிமீட்டர் மேல, சீட்டு ஒண்ணரை சென்டிமீட்டர் முன்னாடி, முன்னாடி தள்ளுனா காலுக்கு தூரம் கொறையும்ல, அதுக்கு சீட்டு ஒரு நூலு உசரம், மூக்கு லேசா கீழ. சீட் போஸ்ட்ல இன்னும் அந்த நீலக் கோடு இருக்கு, தொடைக்க மனசு வரல. தொடை இப்ப தொப்பைய தொடல. முன்னல்லாம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்து காத்த வாங்கினவன், இப்ப அரை மணி நேரம் குனிஞ்சே போறேன், அதுலயே ஸ்பீடும் ஏறிடுச்சு.

போன வாரம் அதே டீக்கடை. பெரியவர் ஏற எறங்க பாத்துட்டு, "மருந்து வேல செய்து போல கீதே"ன்னாரு.