வெல்லம்பிட்டியில் கிணறு இறைக்கப் போன மாணவர்கள்

2016 மே மாத நடுவில் களனி கங்கை பெருகி, கொழும்பை அண்டிய கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கமெல்லாம் மூழ்கியபோது திருகோணமலையில் நாங்களும் சும்மா இருக்கவில்லை. எங்கள் மாணவர் குழுவில் ஒருவர் அரிசி சேர்ப்போம் என்றார், இன்னொருவர் உடுப்புச் சேர்ப்போம் என்றார். கடைசியில் முடிவைத் தந்தது வெல்லம்பிட்டியிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. எங்களோடு படிக்கும் கிண்ணியா நண்பனின் சாச்சா அங்கே குடும்பத்தோடு இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சாப்பாடு வந்து குவியுது மகன். வெசாக்குக்கு தன்சல் போட இருந்த ஆக்களும் பார்சல் கட்டிக் கொண்டு வாறாங்க. வீட்டுக்குள்ள சேறு. அள்ள ஆள் இல்ல. கிணத்துப் பக்கம் போகவே ஏலாது. நோம்பு வரப்போகுது. அதுக்கு முன்ன குசினியையும் கிணத்தையும் சரி பண்ணித் தந்தாப் போதும்."

தன்சல் என்பது பௌத்தர்கள் வெசாக் பண்டிகைக்கு வருவோர் போவோருக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல். அந்த வருடம் வெசாக் மே 21. நோன்பு ஜூன் முதல் வாரம். இடையில் இருந்த காலம்தான் எங்களுக்குக் கிடைத்த தவணை. எந்த ஊருக்கு உதவப் போவதானாலும் இப்படி அங்கிருந்து ஒருவர் "இதுதான் வேலை" என்று சொல்லும்வரை பயணச்சீட்டு எடுக்கக் கூடாது என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

கிணறு என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தயக்கமே இருக்கவில்லை. நிலாவெளி, குச்சவெளிப் பிள்ளைகள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து வளர்ந்தவர்கள். மூதூர்ப் பிள்ளைகளுக்கு மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்து வெள்ளச் சேறு எப்படிப்பட்டது என்று தெரியும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போனதை நாங்கள் எல்லோருமே சிறுவர்களாகப் பார்த்தோம். உப்பைப் போக்குவதாக நினைத்துப் பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகள் இன்னும் உப்பாகின. மணலுக்கு அடியில் கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பதுதான் எங்கள் கரையோர நன்னீர். அதை அளவுக்கு மீறி உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். கிணற்றை அவசரப்படுத்தக் கூடாது என்பது எங்கள் ஊர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். நிவாரணம் என்ற பெயரில் எங்களால் கொண்டுபோக முடிந்த பெறுமதியான பொருள் அந்த அறிவுதான்.

கடித வேலை அலுப்பானதுதான், ஆனால் தவிர்க்க முடியாது. பொறுப்பாசிரியரின் சம்மதம், ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் கையொப்பம், அங்குள்ள கிராம சேவகருக்கு ஒரு கடிதம், அந்தப் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதம். பெண் பிள்ளைகளின் வீடுகளில் கடிதத்தை விட ஒரு தொலைபேசி அழைப்புத்தான் காரியத்தை முடித்தது. சாச்சாவின் மனைவி ஒவ்வொரு அம்மாவோடும் தானே பேசி, "எங்கட மேல்மாடியில என்ட மகள்மாரோட படுக்கட்டும், நான் பாத்துக்கொள்றன்" என்று சொன்னார். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசல் மண்டபத்தில் இடம் தந்தார்கள்.

சாமான்களில் முக்கியமானது பம்பி. நிலாவெளியில் வெங்காயம் செய்யும் ஐயா ஒருவர் தன்னுடைய இரண்டு அங்குலப் பம்பியைக் குழாயோடு தந்தார். பெற்றோலோடு ரயிலில் ஏற்ற முடியாது என்பதால் தாங்கியை முழுதாக வடித்துக் காயவைத்து, சாக்கில் சுற்றிக் கட்டினோம். தும்புத்தடி, மண்வெட்டி, கயிறு, வாளி, ரப்பர் கையுறை, முழங்கால் வரை வரும் பூட்ஸ். பூட்ஸ் எல்லோருக்கும் போதவில்லை. பூட்ஸ் இல்லாதவர்களுக்குச் சேற்றில் இறங்காத வேலை கொடுப்பது என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம்.

இரவு ரயில். கந்தளாய் தாண்டும்வரை பாட்டு, கல்லோயாச் சந்திக்குப் பிறகு நித்திரை. விடியுமுன் கொழும்புக் கோட்டை. அங்கிருந்து ஒருகொடவத்தையைத் தாண்டினால் வெல்லம்பிட்டி.

ரயிலால் இறங்கிய உடனே வேலைக்குப் போக ஆசைதான். பரிசோதகர் விடவில்லை, அவர் செய்தது சரி. முதலில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் காலையும் கையையும் பார்த்தார். காயம் இருந்தவர்களை ஒதுக்கினார். வெள்ளநீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் தோலில் இருக்கும் சின்ன வெடிப்பாலும் உள்ளே போகும். ஒவ்வாமை உண்டா, வேறு மருந்து எடுக்கிறோமா என்று விசாரித்த பிறகு, சாப்பிட்டபின் போடச் சொல்லி டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் குளிசை இரண்டு வீதம் தந்தார். வாரத்துக்கு ஒருதரம், வேலை செய்யும் காலம் முழுவதும். ஏற்பு ஊசி எப்போது போட்டது என்றும் கேட்டார். உங்கள் குழுவில் இந்தப் படியைத் தாண்டிப் போக யாராவது அவசரப்பட்டால் தயவுசெய்து விடாதீர்கள்.

வீடுகளில் முதல் வேலை மின்சாரம். மெயின் சுவிச்சை நிறுத்தி, மின்சாரக்காரர் வந்து பார்க்கும்வரை யாரும் எந்த சுவிச்சிலும் கை வைக்கவில்லை. பிறகு சேறு. ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும், காய்ந்தால் சீமெந்துபோல் இறுகிவிடும். சுவரை மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். அலுமாரியின் அடித்தட்டு ஊதிக் கிடந்தது, இழுப்பறை திறபடவில்லை. குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து மிதந்து போய்க் குசினி வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆறு கொண்டுவந்த சேற்றோடு வடிகான் அழுக்கும், மீதொட்டமுல்லைக் குப்பை மேட்டிலிருந்து வந்த நாற்றமும் கலந்திருந்தன. அந்த மேட்டைத் தூரத்திலிருந்து பார்த்தபோதே எங்களுக்குப் பயமாக இருந்தது. அதன் காலடியில் வீடுகள். அடுத்த வருடம், 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மக்கள் பல காலமாகக் குப்பைக்கு எதிராகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வீடுகளுக்குள் படம் எடுப்பதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தோம். சேறு பூசிய கட்டிலோடும் மெத்தையோடும் ஒரு குடும்பத்தைப் படம் பிடித்துப் போட யாருக்கும் உரிமை இல்லை. பம்பியையும் கிணற்றையும் மட்டும் எடுத்தோம்.

பூட்ஸ் இல்லாதவர்களுக்கு என்று ஒதுக்கிய வேலைதான் அங்கே மிகவும் தேவைப்பட்டதாக இருந்தது. ஒரு உம்மா பிளாஸ்டிக் பையொன்றைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, மகளின் சாதாரண தரப் பெறுபேறு, கலியாணப் படங்கள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒரே கட்டி. எங்கள் தோழி ஒருத்தி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். படங்களைச் சுத்தமான தண்ணீர்த் தட்டில் மிதக்கவிட்டு, விரல் நுனியால் ஒவ்வொன்றாக விலக்கினாள். காகிதங்களை வெயிலில் போடாமல் நிழலில், பழைய பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் வைத்து, தாள் ஈரமாக ஈரமாக மாற்றிக்கொண்டே இருந்தாள். உறுதியின் முத்திரை தெரிந்தபோது உம்மா அவள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார். பெறுபேற்றுத் தாளைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிரதி எடுக்கலாம் என்று சொல்லி, விண்ணப்பிக்கத் தேவையான விவரங்களை எழுதிக் கொடுத்தாள். அடையாள அட்டை தொலைத்தவர்களோடு பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதவும், பிறகு கிராம சேவகரிடம் போகவும் மற்ற இருவர் துணைக்குப் போனார்கள். சிங்களத்தில் எழுத வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டு அக்கா உதவினார். அவருடைய வீட்டிலும் சேறுதான். அங்கே யாரும் எந்த இனத்து வீடு என்று பார்த்து வேலை கேட்கவில்லை. நாங்களும் ஒழுங்கையின் ஒரு முனையில் தொடங்கி வரிசையாகத்தான் போனோம்.

கிணறுகளுக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தில் குழாய்நீர் உண்டு, ஆனால் குளிக்கவும் கழுவவும் பல வீடுகளில் கொங்கிரீட் வளையங்களை அடுக்கிக் கட்டிய வளையக் கிணறு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலால் போயிருந்தது. தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம், அடியில் கறுப்பு வண்டல். முதலில் மிதப்பதை வாளியால் வழித்தோம். பம்பியை எப்போதும் கிணற்றுக்கு வெளியே, காற்றுப்படும் இடத்தில் வைத்தோம். எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கினால் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டு உள்ளே தங்கிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்குகிறவருக்கு உயிரே போகும்.

இறைப்பதையும் மெதுவாகவே செய்தோம். சுற்றியுள்ள நிலம் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை ஒரே மூச்சில் வெறுமையாக்கினால் வெளியே இருக்கும் நீரின் அழுத்தத்தில் வளையங்கள் நகர்ந்து கிணறு இடியலாம். கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, வளையப் பொருத்துகளைப் பார்த்து, பிறகு மீண்டும் இறைத்தோம். வெடிப்பு இருந்த கிணறுகளைத் தொடவே இல்லை. வீட்டுக்காரர் எவ்வளவு கேட்டாலும் நிலாவெளிப் பையன் அசையவில்லை. "ஐயா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நிலம் காயட்டும். இப்ப இறைச்சா கிணறே இருக்காது" என்று நிதானமாக விளங்கப்படுத்தினான். தண்ணீர் இறங்கிய கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டிய ஒருவர் இறங்கினார், மேலே இருவர் கயிற்றைப் பிடித்தார்கள். தும்புத்தடியால் சுவரைத் தேய்த்து, வண்டலை வாளி வாளியாக மேலே அனுப்பினார்கள்.

நீர் ஊறியபின் குளோரின். அளவைப் பரிசோதகர்தான் கணக்கிட்டுத் தந்தார். 1.2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால் ஏறத்தாழ 2,260 லீற்றர். லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் 45 கிராம். குளோரின் 30 சதவீதமளவில் இருக்கும் ப்ளீச்சிங் பவுடரில் அது 150 கிராம். தூளை நேரே கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கினோம். குறைந்தது அரை மணித்தியாலம், முடிந்த வீடுகளில் இரவு முழுவதும் விட்டோம். பிறகு குளோரின் வாடை போகும்வரை மீண்டும் இறைத்தோம். அதற்குப் பிறகும் குளிக்க, கழுவ மட்டும்தான். குடிக்கக் குழாய்நீரைக் கொதிக்க வைத்துப் பாவிக்கச் சொன்னோம்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வரி எழுதி வைத்தோம்: விட்டம், நீர்மட்டம், போட்ட தூளின் அளவு, வளையத்தின் நிலை. புறப்படும்போது அந்தக் கொப்பி பரிசோதகர் கைக்குப் போனது. இறைக்காமல் விட்ட கிணறுகளைச் சிவப்பு மையில் குறித்திருந்தோம், எங்களுக்குப் பின் வருகிறவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. நிலாவெளி ஐயாவின் பம்பியைக் கழற்றிக் கழுவி, வடிகட்டியில் இருந்த வண்டலை எடுத்து, எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.

இப்படி ஒரு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். எலிக்காய்ச்சல் உடனே வராது, வீடு திரும்பி ஒன்றிரண்டு கிழமை கழித்தும் வரலாம். குளிசையைப் பரிசோதகர் சொன்ன காலம்வரை விடாமல் போடுங்கள். காய்ச்சலோ, கெண்டைக்கால் நோவோ, கண் சிவப்போ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை டொக்டரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.