மாடியில ஒரு குப்பைத் தொட்டியும் தெர்மாமீட்டரும்

எங்க அபார்ட்மென்ட்ல நாலு வீடு சேர்ந்து ஆறு மாசமா ஒரு சோதனை ஓடிட்டு இருக்கு, சமையலறைக் குப்பைய வெளிய அனுப்பாம மாடியிலயே உரமாக்க முடியுமான்னு. முதல் மாசம் ஒரே சொதப்பல், நாத்தம் தாங்காம மேல் வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. அப்புறம் தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சுது, நாங்க வெறும் ஈரக் குப்பையா கொட்டிட்டு இருந்திருக்கோம். கார்பன் 25-லேர்ந்து 30 பங்கு இருந்தா நைட்ரஜன் 1 பங்கு இருக்கணுமாம், அதனால கார்பன் அதிகமா இருக்கற காஞ்ச இலை, கிழிச்ச அட்டைப்பெட்டின்னு நிறைய போட ஆரம்பிச்சோம். கையில அள்ளி இறுக்கிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டுத் தண்ணிதான் வரணும், அதான் ஈரத்துக்குக் கணக்கு.

அப்படிப் போட்ட அஞ்சாம் நாள் கம்பிய விட்டுக் கிளறினா, குப்பை மக்கற சூட்டுல குபுகுபுன்னு ஆவி! தெர்மாமீட்டர் 55 டிகிரி காட்டுது, பசங்க ஓடி வந்து பாத்துச்சுங்க.

பெரிய ஆளுங்களும் சொதப்பியிருக்காங்க, அது ஒரு ஆறுதல். லண்டன்ல 2002-ல கட்டி முடிச்ச பெட்ஸெட் (BedZED)ங்கற சுற்றுச்சூழல் குடியிருப்புல மரக்கழிவுலேர்ந்து கரண்ட்டும் வெந்நீரும் எடுக்கற பிளான்ட் வச்சாங்க, அது ஒழுங்கா ஓடாம கடைசில கேஸ் பாய்லருக்கு மாற வேண்டியதாப் போச்சு. ஆனா என்ன தப்பாச்சுன்னு வெளிப்படையா எழுதி வச்சாங்க பாருங்க, அத பாத்துதான் நாங்களும் தினமும் நடக்கறத எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டோம்.

அதுல இப்ப மூணு நாள் காலி. கிளற வேண்டியவரு ஊருக்குப் போயிட்டாராம்.