வேளாங்கண்ணியில் முழங்கால் நேர்ச்சை

முழங்காலில் போவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விடியுமுன் தொடங்கிவிட வேண்டும். பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவிலுள்ள மணல் பாதை வெயில் ஏறியதும் கொதிக்கும். பலர் முழங்காலில் துண்டைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அது பாதி வழியில் நழுவும், உள்ளே மணல் புகுந்து தோலை உரித்துவிடும். தளர்வான, தடித்த பருத்திக் கால்சட்டை போதும். சேலைக்காரர்கள் உள்ளே அதைப் போட்டுக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்ளலாம். தண்ணீரோடு ஒருவர் கூடவே நடக்கட்டும். செபமாலையில் பத்து மணிகள் உருட்டி முடிந்ததும் நின்று மூச்சு வாங்குங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் வெறுங்காலில் நடந்தாலே போதும்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நெரிசல் தாங்காது. பேருந்தை விட்டு இறங்குமுன்பே அறைத் தரகர்கள் பையைப் பிடித்து இழுப்பார்கள். மெழுகுதிரியும் மாலையும் வாங்காமல் போனால் நேர்ச்சை பலிக்காது என்பார்கள் கடைக்காரர்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. கடவுளின் அன்புக்கு விலைச்சீட்டு ஒட்டுகிற பேச்சு அது.

வேளாங்கண்ணி மரபுக் கதையில் வரும், நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு மோர் கேட்டார் மாதா, கொடுத்தான். நாகப்பட்டினம் போய்த் தமக்கு ஓர் ஆலயம் கட்டும்படி அங்குள்ள செல்வந்தரிடம் சொல்லச் சொன்னார், எழுந்தான், ஓடினான். அவன் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. சுகம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை! லூக்கா நற்செய்தி 15-இல், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மகன் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். பாவம் செய்தேன் என்பதைச் சொல்லி முடிக்கிறான். கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்ற பேரத்துக்கு அவன் வருமுன்னே தந்தை ஆடை, மோதிரம், மிதியடி கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

பீடத்தின் முன் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளுவார்கள். எழுதி வைத்த விண்ணப்பமெல்லாம் மறந்துபோகும். தாயின் கையிலிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் போதும். கேட்பதற்கு முன்பே அன்பு செய்த ஆண்டவரே, தகுதி பாராத தகப்பனே, உமக்கு நன்றி, கோடி நன்றி!

முழங்காலை நல்ல தண்ணீரில் கழுவி மருந்து போட்டுவிட்டு, அவசரமில்லாமல், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். அங்கே வரிசை சிறியது, கிடைப்பதோ பெரியது.

இறந்துபோன அம்மா நேர்ந்ததைச் செலுத்தாததால்தான் வீட்டில் கஷ்டம் என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. திருச்சபைச் சட்டப்படி நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டுமே கட்டும், பிள்ளைகள் மேல் இறங்காது. தாம் நேர்ந்ததைச் செலுத்த உடம்பு இடம் தராதவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம். தகுந்த காரணம் இருந்தால் அதிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அம்மாவுக்காகப் போக ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள், அவர் பெயரில் ஒரு திருப்பலிக்குச் சொல்லுங்கள். பயந்துகொண்டு மட்டும் போகாதீர்கள்.