ஆகஸ்ட், பினாங்கு

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்
காலை ஆறரைக்கே அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். கழுத்துக் குழாய் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஜெனிவாவில் ஐ.நா.வின் பிளாஸ்டிக் மாசு ஒப்பந்தப் பேச்சுவார்த்தை இன்று தொடக்கம். எனக்குப் பதிலாகப் போன பையன் கெட்டிக்காரன்தான், பேசத்தான் தயங்குவான்.

ஆகஸ்ட் 7
பிரஷர் இறங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 9, சனி
நான்கு மணி நேரம் அந்தக் குழாய்களையே பார்த்திருந்தேன். பிவிசி பிளாஸ்டிக். அதை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் பெரும்பாலும் தாலேட். அது இரத்தத்தில் கசியும் என்று மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். இப்போது அப்பாவின் இரத்தம். இருந்தும் இந்தக் குழாய் இல்லாமல் அவர் இல்லை. இதைத்தான் சிலர் பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு வைப்பதற்கு எதிராகக் கொண்டுவந்து வைக்கிறார்கள்: ஆஸ்பத்திரிகள் என்ன செய்யும் என்று. நோயாளியின் குழாயும் கறி கட்டித் தரும் பையும் ஒன்றா? எப்படி மனசு வருகிறது?

ஆகஸ்ட் 10
அங்கே விடுமுறை. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 11
ஒப்பந்த வரைவில் அடைப்புக்குறிகள், அதாவது இன்னும் ஒத்துக்கொள்ளாத வரிகள், குறையவில்லை, பெருகியிருக்கின்றன. யூவி-328 ஞாபகம் வந்தது, வெயிலில் கெடாமலிருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ரசாயனம். 2020இல் சுவிட்சர்லாந்து முன்மொழிந்தது, 2023 மே மாதம்தான், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறியது. பிளாஸ்டிக் குப்பையோடு சேர்ந்தே அந்த ரசாயனம் கடல் கடந்து போகிறது என்று வரிவரியாக வாதாடினோம். ஒன்றே ஒன்றுக்கு மூன்று ஆண்டு. பிளாஸ்டிக்கில் இருப்பவை 16,000க்கும் மேல். ஒவ்வொன்றாகத் துரத்தி முடியாது, உற்பத்தியிலேயே கை வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, இரவு
பேச்சுவார்த்தைத் தலைவரின் புதிய வரைவு வந்தது. உற்பத்தி பற்றிய பிரிவே இல்லை!

அப்பாவிடம் சொன்னேன். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த மனுஷர். "அந்தக் கண்டேனர் எல்லாம் திருப்பி அனுப்பினோமே, மறுபடியும் வருமாம்மா?" என்றார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் பிளாஸ்டிக் குப்பை, 3,737 டன், மலேசியாவிலிருந்து 13 நாடுகளுக்குத் திரும்பிப் போனதைச் சொல்கிறார். கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் சேராத நாட்டுப் பிளாஸ்டிக் கழிவு இந்த ஜூலை முதல் இங்கே வரக்கூடாது, அமெரிக்காவுடையதும்தான் என்றேன். தலையாட்டினார். ஆனால் நாம் வாசலை மூடினால் அது வேறு ஏழை நாட்டு வாசலுக்குப் போகும். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14
லேசாகக் காய்ச்சல். அங்கே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி
ஒப்பந்தம் இல்லை. ஒத்திவைத்துவிட்டார்கள். கடைசி வரைவின் முன்னுரையில், இன்றைய உற்பத்தி அளவு நீடிக்கத் தகாதது என்றாவது இருந்தது. வரம்பு இல்லை.

எல்லாரும் சம்மதித்தால்தான் என்ற விதி இருக்கும்வரை சிலர் தலையாட்ட மறுத்தாலே போதும். ஆபத்தான ரசாயனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் கிரிசோடைல் என்ற கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வகையை ஏறவிடாமல் 2006 முதல் இப்படித்தான் தடுத்து வைத்திருக்கிறார்கள். வாக்கெடுப்புக்கு வழி வேண்டும். அடுத்த சுற்றுக்கு நானே போகிறேன் என்று எழுதிவிட்டேன். பையன் அழுதிருப்பான் போல, குரல் கம்மியிருந்தது. இந்த முறை நன்றாகப் பேசினானாம்.

ஆகஸ்ட் 16
காய்ச்சல் விடவில்லை. கழுத்துக் குழாயில் கிருமியாம், எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்கிறார் டாக்டர். தம்பியைக் கோலாலம்பூரிலிருந்து உடனே வரச் சொல்லியிருக்கிறேன்.