பெட்டியில் விழுந்த கறுப்புப் பவுடர்

ஹட்டனில் கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. பிரஷ்ஷை விட்டுப் பவுடர் கோட்டிங்குக்கு, அதாவது மின்னேற்றிய பெயின்ட் பவுடரைத் துப்பாக்கியால் அடித்து அவணில் சுட்டு ஒட்டவைக்கிற முறைக்கு மாறியபோது, பவுடர் அடிக்கிற கூண்டாக, கொழும்பிலிருந்து ஒரு பழைய பூத் வாங்கினேன். பின்சுவரில் இரண்டு கார்ட்ரிட்ஜ் ஃபில்டர், அடியில் ஒரு பெட்டி. கம்பியில் ஒட்டாமல் பறக்கிற பவுடரை விசிறி இழுக்கும், ஃபில்டர் பிடித்து வைக்கும், விட்டுவிட்டு அடிக்கிற காற்று உதறிப் பெட்டியில் தள்ளும். அந்தப் பெட்டியை நாங்கள் குப்பைப் பெட்டியாகத்தான் வைத்திருந்தோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. புதுப் பவுடரின் விலையைக் கேட்ட அன்றுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கிரில்லில் கம்பியைவிட இடைவெளிதானே அதிகம்! அடித்ததில் பெரும்பகுதி அங்கேதான் கிடந்தது.

அள்ளி அப்படியே, துப்பாக்கிக்குப் பவுடர் ஊட்டுகிற ஹொப்பரில் கொட்டினோம். அவணிலிருந்து வந்த கிரில் முழுக்கக் கடுகு தூவியதுபோல் பரு. "அண்ணே, அரிக்காத மாவுல சுட்ட ரொட்டி மாதிரி இருக்கு" என்றான் கூட வேலை செய்கிற தம்பி. பேச்சு சரிதான். ஆனால் வீட்டு அரிதட்டின் கண் இதற்கு ரொம்பப் பெரிது. 150 மைக்ரோன் நைலோன் வலை வாங்கிச் சட்டம் அடித்து அரித்தோம். பரு போய்விட்டது. அப்புறம் துப்பாக்கி இருமத் தொடங்கியது. ஒரு நேரம் குப்பென்று தள்ளும், ஒரு நேரம் ஒன்றும் வராது.

அது ஜூன் மாதம். பட்டறைக்குள்ளேயே மூடுபனி வந்து உட்கார்ந்திருக்கும். பவுடரைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை. நான் பனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கம்பிரசர் பார்க்க வந்த வயதான மெக்கானிக் பாஸ் ஒன்றும் பேசாமல் குழாய் முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்தார். இரண்டு நிமிடத்தில் துணி நனைந்துவிட்டது. "காத்த அமுக்கினா தண்ணி வராம என்ன தம்பி வரும்?" என்றார். துப்பாக்கிக்குப் போவதும் அந்தக் காற்றுதான், ஃபில்டரை உதறுவதும் அதே காற்றுதான். ஈரத்தில் ஃபில்டர் அப்பிப் போய், விசிறியின் இழுவை குறைந்து, பூத்துக்குள் பவுடர் மேகமாக நின்றிருக்கிறது. அந்த மேகத்தில் ஒரு பொறி விழுந்தால் வெடிக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. வீட்டு வேக்குவம் கிளீனரால் பூத்தைத் துடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் மோட்டாரிலேயே பொறி இருக்கிறது.

காற்றின் ஈரத்தை எடுக்கிற டிரையர் ஒன்று பூட்டினோம். கம்பிரசர் டாங்கித் தண்ணீரைத் தினமும் காலையில் திறந்துவிடுகிறோம். குளிரில் இருந்த பவுடர்ப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தால் உடனே பிரிப்பதில்லை, சூடு சமமாகும்வரை மூடியே வைக்கிறோம். மீண்ட பவுடரில் நுண்துகள் அதிகம், அதைத் தனியாக அடித்தால் சீராக ஓடாது. ஏழு பங்கு புதிதுக்கு மூன்று பங்கு பழையது என்று கலக்கிறோம்.

இத்தனையும் செய்த பிறகுதான் கொக்கியைப் பார்த்தேன். வேலைக்கு வேலை பவுடர் படிந்து, வெந்து, தோல் தோலாக ஏறியிருந்தது. அதில் தொங்குகிற கிரில்லுக்கு எர்த் எங்கே கிடைக்கும்? மீட்டர் வைத்தால் மின்தடை ஒரு மெகாஓமையும் தாண்டியது. எர்த் இல்லாவிட்டால் பவுடர் கம்பியை நாடாது, நேராகப் பெட்டிக்குத்தான் போகும். கொக்கிகளைச் சுரண்டி வெறும் இரும்பாக்கியதும் பெட்டி நிறைகிற வேகம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. மூன்று மாதம் நான் மீட்டுக்கொண்டிருந்ததில் பாதி, பறந்தே இருக்கக் கூடாத பவுடர்.

தங்க நிறத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு கோயில் கேட்டின் ஈட்டி முனைகளுக்கு மீண்ட பவுடரைக் கலந்தேன். உலோகச் செதிலும் பவுடரும் ஒரே அளவில் திரும்பி வருவதில்லை. இடது கதவு ஒரு தங்கம், வலது கதவு வேறொரு தங்கம். சுரண்டி மறுபடி அடித்தது என் செலவு.

இப்போது கறுப்பை மட்டும்தான் மீட்கிறோம். மற்ற நிறத்துக்காக பூத்தைக் கழுவித் துடைக்கிற நேரத்துக்குக் கூலி கட்டாது. அவை எல்லாம் கலந்து ஒரு வாளியில் சேர்கின்றன. போன மாதம் மாட்டுப்பட்டிக்குப் படலை கேட்டு வந்த ஒரு ஐயா, "நெறம் எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். அந்த வாளியைத்தான் அரித்து அடித்தோம்.