கரகரப்பு எவ்வளவு வேண்டும்?

ஜூன் 6, செந்தூல்
நான் மிக்ஸ் செய்யும் பாட்டுக்குத் தம்பியின் கிட்டார் டிராக்குகள் வந்துவிட்டன. ஒரே ரிதத்தை நான்கு முறை தனித்தனியாக வாசித்திருக்கிறான். ஒரு வாசிப்பைப் பிரதி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது நடுவில் ஒற்றைக் கிட்டாராகத்தான் கேட்கும். ஒவ்வொரு முறையும் கை இம்மியளவு முன்பின் விழுவதால்தான் அகலம் கிடைக்கிறது. இரண்டை இடது ஓரத்துக்கும் இரண்டை வலது ஓரத்துக்கும் தள்ளினேன். ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) சேராத டிஐ சிக்னலையும், அதாவது கிட்டாரிலிருந்து நேராக வரும் சுத்த ஒலியையும் அனுப்பியிருக்கிறான். கரகரப்பை நிதானமாக முடிவு செய்யலாம். நல்ல பிள்ளை.

ஜூன் 7
தனியாகக் கேட்டால் ஒவ்வொரு டிராக்கும் அபாரம். நான்கையும் சேர்த்தால் கூழ். இந்தக் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் உச்சியை வெட்டுவதுதானே. வெட்ட வெட்ட ஹார்மோனிக்ஸ் (சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஒலிகள்) கூடும், மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் உள்ள வித்தியாசம் குறையும். நான்கு டிராக்கிலும் அப்படி வெட்டினால், பிக் கம்பியைத் தொடும் அந்த முதல் 'டக்' காணாமல் போகிறது. ஆம்ப் போல ஒலிக்கும் மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டரில் கெயினை, அதாவது கரகரப்பைக் கூட்டும் குமிழை, 7இலிருந்து 4க்கு இறக்கினேன். தனியாகச் சப்பென்று இருக்கிறது, சேர்ந்து ஒலிக்கும்போது என்ன ஒரு கனம்!

ஜூன் 9
சாயங்கால மழையோடு தம்பி வந்தான். "அண்ணே, பவரே இல்லை, இன்னும் ஏத்துங்க." பழைய மிக்ஸ், புதிய மிக்ஸ் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது எது என்று சொல்லாமல் போட்டேன். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும், அதனால் இந்தச் சமன் கட்டாயம். அவன் கை காட்டியது குறைந்த கெயினை.

அவன் கேட்ட பவரும் நியாயமானதுதான். ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை, அதன் கரகரப்புக் குமிழான டிரைவை ஏறக்குறைய சுழியத்திலும் சத்தக் குமிழான லெவலை உச்சத்திலும் வைத்துச் சேர்த்தேன். அது அடி ஒலியைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு போடும். உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும் இடங்கள் இறுகிவிட்டன. அப்புறம் பக்கத்துக் கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

ஜூன் 12
இன்று பாடகி அக்காவின் குரல் வந்தது. எனக்கு இதுதான் உண்மையான பரீட்சை. பல்லவியில் 'காற்று' வருகிறது. அந்த 'ற்று' கிட்டாருக்குள் புதைந்து 'காத்து' என்றுகூடக் கேட்கவில்லை. மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்கு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் மிக முக்கியம். கரகரப்பும் அங்கேதான் குவிகிறது. தமிழில் பாடிவிட்டு வல்லினத்தை இழக்க நான் தயாரில்லை. கிட்டார்களில் 3 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபெல் குறைத்தேன், 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸுக்கு வழிவிட்டேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிராக்குகளை இன்னும் சுத்தமாக்கினேன். சுரங்கள் புரிய அவை, உறுமலுக்கு மற்ற இரண்டு.

இடது வலதை ஒன்றாக்கி மோனோவிலும் கேட்டேன். ஓரத்தில் இருக்கும் கிட்டார்கள் ஒரு படி பின்வாங்குகின்றன, ஆனால் சொல் நிற்கிறது. போதும்.

ஜூன் 14
கடைசிப் பகுதிக்கு மட்டும் இன்னும் கடுமை வேண்டும் என்று இருவருமே கேட்டார்கள். கிட்டாரைத் தொடவில்லை. பேஸ் டிராக்கை இன்னொரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் அடி ஒலியை நீக்கி, நன்றாக டிஸ்டார்ட் செய்து, அசலுக்குக் கீழே மெல்லச் சேர்த்தேன். கேட்பவருக்குக் கிட்டார்தான் உறுமுவது போலத் தோன்றும். அக்கா குரலை 1 டெசிபெல் ஏற்றச் சொன்னார். அரை ஏற்றி அனுப்பிவிட்டேன்.