பாட்லக்குக்கு ஏற்ற உருளைக்கிழங்கு சாலட்: மயோனைஸ் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம்

ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் பாட்லக் விருந்து நடக்கும் வீட்டில் எல்லாருடைய பாத்திரமும் ஒரே அடுப்புக்காகக் காத்துக் கிடக்கும். அதனால் திரும்பச் சூடாக்க வேண்டியதையும், மொறுமொறுப்பை நம்பியிருப்பதையும் கொண்டு போகாதீர்கள். பொரித்தது எதுவும் மூடிய டப்பாவில் சீக்கிரமே நமத்துவிடும். வினிகரும் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டும் உருளைக்கிழங்கு சாலட் இதற்கு நேர்மாறு. முந்தின ராத்திரியே செய்து வைத்தால் மறுநாள் ருசி கூடியிருக்கும்.

12 பேருக்கு ஒன்றரை கிலோ கிழங்கு போதும். மேஜையில் இன்னும் பத்துப் பண்டம் இருக்கும்போது ஆளுக்கு 125 கிராம் தாராளம். வினிகர் 6 மேஜைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 6, மஸ்டர்ட் பேஸ்ட் (கடுகு விழுது) 1, பெரிய வெங்காயம் ஒன்று, உப்பு, மிளகுத்தூள், கைப்பிடி வெங்காயத்தாள்.

எந்தக் கிழங்கு என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். மாவாக உதிரும் ரகம் மசியலுக்குத்தான் லாயக்கு, சாலட்டில் கூழாகிவிடும். சந்தேகமாக இருந்தால் 11 பங்கு தண்ணீரில் 1 பங்கு உப்பைக் கரைத்து ஒரு கிழங்கைப் போடுங்கள். மாவுக் கிழங்கு அடர்த்தி அதிகம் என்பதால் மூழ்கும், கெட்டிக் கிழங்கு மிதக்கும். சாலட்டுக்கு மிதப்பதுதான் வேண்டும்.

தோல் சீவி இரண்டரை செ.மீ. துண்டுகளாக நறுக்கி, இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் உள்ளே வேகும் முன் ஓரம் கரைந்துவிடும். தண்ணீரிலேயே ஒன்றரை மேஜைக்கரண்டி உப்பும் 1 மேஜைக்கரண்டி வினிகரும் சேர்க்க வேண்டும். புளிப்பு இருந்தால் கிழங்கைக் கட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் எளிதில் கரையாது, துண்டின் முனை மழுங்காது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, 8 நிமிடத்திலிருந்து குத்திப் பாருங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு பிளக்கக் கூடாது. பெரும்பாலும் 12 நிமிடத்துக்குள் ஆகிவிடும்.

வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி 2 நிமிடம் ஆவி போக விடுங்கள். துண்டுகளின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு தெரியும்போது, சூடு ஆறுவதற்குள் 3 மேஜைக்கரண்டி வினிகரைத் தெளியுங்கள். இந்தச் சாலட்டின் உயிர் இந்த இடம்தான். ஆறிய கிழங்கில் வினிகர் மேலோடு நின்றுவிடும். எண்ணெயை முந்தி ஊற்றினாலும் கெட்டது, அது கிழங்கின் மேல் படலம் போட்டு புளிப்பை உள்ளே விடாது.

மீதி 2 கரண்டி வினிகரில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு 10 நிமிடம் ஊற வையுங்கள். காரம் அடங்கும். அதிலேயே மஸ்டர்ட், எண்ணெய், மிளகு போட்டு அடித்து, 3 மேஜைக்கரண்டி அளவு தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கிழங்கில் ஊற்றிப் பிரட்டுங்கள். கரண்டியால் கிண்டாதீர்கள், பாத்திரத்தைக் குலுக்கினால் போதும்.

ஆழமான டப்பாவில் சூடாக அடைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், கெட்டுப்போகவும் வழி. 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாத தட்டையான பாத்திரத்தில் போட்டு 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வினிகர் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். விருந்து மேஜையிலும் அதே 2 மணி நேரக் கணக்குதான். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்.

குளிர்ந்ததும் உப்பு மட்டுப்படும், கிழங்கும் சாறை உறிஞ்சி வறண்டிருக்கும். பரிமாறுகிற இடத்தில் ருசி பார்த்து உப்பைச் சரிசெய்து, எடுத்து வைத்த 3 கரண்டியையும் ஊற்றி, வெங்காயத்தாளைக் கடைசியில் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் வதங்கிப் பழுப்பாகிவிடும். வெள்ளரிக்காய் சேர்க்க ஆசையா? அதையும் அங்கேதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கும்.

பரிமாற ஒரு கரண்டியும் கையோடு எடுத்துப் போங்கள், யாருமே அதைக் கொண்டுவருவதில்லை. மஸ்டர்ட் சிலருக்கு ஒவ்வாது, டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.